ஏழாம் குன்றில் ஓர் இருக்கை

ஒரு காட்டில், சிங்கத்தைப் போன்ற முகமும் பிடரியும் வாலும் கொண்ட கோளரியர் என்னும் குலத்தார் வாழ்ந்து வந்தனர். விருந்துக்கும் விழாவுக்கும் இரண்டு காலில் நடந்து செல்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் நான்கு காலில் ஓடி வருவார்கள். "நீங்களும் சிங்கம்தானே?" என்று எவரேனும் கேட்டுவிட்டால், "சிங்கம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்" என்று பெருமையோடு பதில் சொல்வார்கள். அக்குலத்தில் தூரத்துச் சொந்தமே உயர்ந்த சொந்தம். அதன் காரணத்தை அறிய வேண்டுமானால் அவர்களுடைய இசையை அறிய வேண்டும்.

காட்டின் மேற்கு ஓரத்தில் முழக்கப் பாறை என்றொரு பாறை இருந்தது. அதற்குக் கிழக்கே ஒன்றன்பின் ஒன்றாக ஏழு குன்றுகள். பாடகர் பாறைமீது நின்று முழங்குவார். கேட்பவர்கள் குன்றுகளில் அமர்ந்திருப்பார்கள். தொண்டையிலிருந்து புறப்படும்போது முழக்கம் வெறும் இரைச்சல்தான் என்பதும், ஒவ்வொரு குன்றும் அதைச் சலித்துச் சலித்து, மூங்கிலிலும் பனியிலும் தோய்த்து, கரடுமுரடெல்லாம் உதிர்த்துவிட்ட பிறகு எஞ்சுவதே இசை என்பதும் கோளரியரின் கொள்கை.

ஆகவே அவர்கள் வேண்டாதவர்களைப் பக்கத்திலும், வேண்டியவர்களைத் தூரத்திலும் உட்கார வைத்தார்கள். அண்டை வீட்டாருக்கு முதற்குன்று, சிற்றப்பன் பெரியப்பன்மாருக்கு இரண்டாம் குன்று, சம்பந்திகளுக்கு நான்காம் குன்று என்பது வழக்கம். "எங்களைப் போய் ரெண்டாம் குன்றுல உட்கார வெச்சுட்டாங்களே, பாட்டு பூராவும் காதுல விழுந்துச்சு" என்று மனம் புண்பட்டுப் பாதி விருந்தில் எழுந்துபோன மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு.

பாறையின் அடியில், பாடகரின் வாய்க்கு நேர் கீழே, அடிக்கல் என்று ஒரு கல் கிடந்தது. பிறர் வீட்டு மான்தொடையைத் திருடிப் பிடிபட்டவனை அதில் அமர்த்தி, ஒரு கச்சேரி முழுவதையும் கேட்க வைப்பார்கள். அதைவிடக் கடுமையான தண்டனை அக்குலத்தில் இல்லை.

ஏழாம் குன்றின் உச்சியிலோ, முன்னோர் செதுக்கி வைத்த கல்லிருக்கை ஒன்று இருந்தது. அதில் இதுவரை எவரும் அமர்ந்ததில்லை. அந்த மரியாதைக்குத் தகுந்த விருந்தாளி கிடைக்கவில்லை என்று பாடகர்கள் சொன்னார்கள். அவ்வளவு தூரம் எட்டும் குரல் கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டில் எது உண்மை என்று ஆராய்வது பாடகர்களுக்கு மரியாதை ஆகாது என்பதால் எவரும் ஆராயவில்லை.

அக்குலத்தின் அப்போதைய பாடகர் பிடரிமுத்து. அவருடைய உச்சி முழக்கம் நான்காம் குன்றுவரை தெளிவாகப் போகும். காற்று கீழ்த்திசை நோக்கி அடித்தால் ஐந்தாம் குன்றில் உள்ளவர்களும் "ஏதோ கேட்கிறது" என்று ஒப்புக்கொள்வார்கள். அவருக்கு அந்தப் பாறையைத் தவிர வேறு சொத்து இல்லை. வேறு தொழிலும் தெரியாது.

இப்படியிருக்கையில் ஒருநாள், வனக் கலைமரபுப் பதிவு வாரியத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்து பாறையில் ஒட்டப்பட்டது. அதில் எழுதியிருந்தது பின்வருமாறு: "வருகின்ற பௌர்ணமிக்குள் பதிவு பெறாத கலைகள் கலையாகக் கருதப்படா. அவை கூச்சலாகக் கருதப்பட்டு, அவை நடைபெறும் இடம் செல்பேசிக் கோபுரம் அமைக்க ஒதுக்கப்படும்."

பிடரிமுத்து அதை மூன்று முறை படித்தார். அவருடைய மனைவி உளையரசி ஒரே முறைதான் படித்தாள்.

"நாளைக்குக் காலையிலேயே போய் வரிசையில நில்லுங்க," என்றாள்.

"நானா? வரிசையிலா?"

"பின்னே, பாறையா நடந்து போகும்?"

மறுநாள் பிடரிமுத்து இரண்டு காலில் புறப்பட்டுச் சென்றார். வாரியத்தின் அலுவலகம் ஓர் ஆலமரத்தடியில் இருந்தது. மரப்பொந்துதான் கவுன்ட்டர், அதனுள்ளே மூக்குக்கண்ணாடி அணிந்த கீரியம்மாள் ஒருத்தி எழுத்தராக அமர்ந்திருந்தாள். வெளியே முயலும் ஆமையும் காட்டுப்பன்றியும் மயிலும் வரிசையாக நின்றன. பிடரிமுத்துவுக்குக் கடைசி இடம் கிடைத்தது. கவுன்ட்டரிலிருந்து இத்தனை தூரத்தில் தம்மை நிறுத்தியிருக்கிறார்களே என்று அவர் உள்ளம் குளிர்ந்தது. வாரியத்து அலுவலர்கள் கலைஞனை மதிக்கமாட்டார்கள் என்று ஊரில் சொன்னதெல்லாம் பொய் என நினைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் முயல் வேலை முடிந்து போயிற்று. வரிசை நகர்ந்தது. பிடரிமுத்து ஓரடி முன்னே போக வேண்டியதாயிற்று. அவருடைய முகம் சிறிது வாடியது. பிறகு ஆமை போயிற்று. இன்னும் ஓரடி. இதற்குள் அவர் பின்னால் இரண்டு அணில்கள் வந்து நின்றுகொண்டன. நேற்றுப் பிறந்த அணில்களுக்குத் தம்மைவிட உயர்ந்த இடமா என்று பொருமினார். காட்டுப்பன்றியும் நகர்ந்தபோது, கண்ணீரைப் பிடரியால் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அன்று மாலைவரை அவர் ஒன்பது முறை கடைசியில் போய் நின்றார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் உளையரசியே உடன் வந்து, அவர் திரும்ப முடியாதபடி பின்னால் நின்றுகொண்டாள்.

"என்னைக் கவுன்ட்டர் பக்கத்துல கொண்டுபோய் அவமானப்படுத்தாதே, அரசி."

"போங்க முன்னால. யாரும் பார்க்கல."

"அணில் பார்க்குது."

"அணிலுக்கு நான் சொல்லிக்கிறேன். நகருங்க."

அவர்களுக்கு முன்னால் நின்ற மயில், மேல்முறையீட்டு மனுவோடு வந்திருந்தது. அது திரும்பிப் பார்த்து அலுத்துக்கொண்டது. "உங்களுக்காவது இன்னும் ஆய்வு நடக்கல, ஐயா. என் ஆட்டத்தை அந்த அதிகாரி மூணடி தூரத்துல உட்கார்ந்து பார்த்தாரு. பதினேழு குறை எழுதிட்டாரு. இடது கால் கொஞ்சம் தடிச்சிருக்குதாம். நான் முட்டையில இருந்து வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"மூணடியா?" பிடரிமுத்து மயிலை இரக்கத்தோடு பார்த்தார். "அவர் என்ன திருடினாராம்?"

மயிலுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

முடிவில் முறை வந்தது. பிடரிமுத்து தலையைக் குனிந்தபடி பொந்தின் முன் நின்றார். கீரியம்மாள் நிமிர்ந்து பாராமலே படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"கலையின் பேரு?"

"நெடுமுழக்கம்."

"பார்வையாளர் ஐம்பது பேருக்குக் குறையக் கூடாது. எத்தனை பேர் வருவாங்க?"

"குழந்தை குட்டியோட சேர்த்து எங்க குலமே முப்பத்தொன்பது பேர்தாம்மா."

"அது அதிகாரி வந்து எண்ணிக்குவார். ஒலிமானி தொண்ணூறு காட்டணும். கீழே போனா ரத்து. முன்வரிசையில இருக்கை எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. மான்தொடை திருடினவனுக்கு."

கீரியம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த அந்தப் பார்வையில், இதுவெல்லாம் ஒரு கலையா என்ற கேள்வி வெளிப்படையாகத் தெரிந்தது.

"அப்போ ஆய்வுக்கு வர்ற அதிகாரி எங்கே உட்காருவாரு? அவர்தான் தலைமை விருந்தினர்."

மூன்று நாள்களாகச் சேர்ந்திருந்த அவமானம் எல்லாம் பிடரிமுத்துவின் தொண்டைக்கு ஏறியது. அவர் பிடரியைச் சிலிர்த்து நிமிர்ந்தார்.

"ஏழாம் குன்று. உச்சி இருக்கை."

பின்னால் நின்ற உளையரசி அவருடைய வாலை மிதித்தாள். நேரம் கடந்துவிட்டது. கீரியம்மாள் மையால் எழுதி முத்திரை குத்திவிட்டாள்.

"அம்மா, அதைக் கொஞ்சம் அடிச்சுட்டு முதற்குன்றுன்னு எழுதிடுங்களேன்," என்றாள் உளையரசி.

"முத்திரை விழுந்த பிறகு அடிக்கக் கூடாது. படிவத்துல இருக்கிற இடத்துலதான் அதிகாரி உட்காரணும். மாத்தணும்னா புதுப் படிவம். புதுப் படிவத்துக்கு வரிசை அங்கே ஆரம்பிக்குது."

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் பிடரிமுத்து நான்கு காலில் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

அன்று வீட்டில் அடுப்புப் புகைந்ததைவிட உளையரசி அதிகம் புகைந்தாள். "உங்க குரல் நாலாம் குன்றுல நொண்டி, அஞ்சாம் குன்றுல படுத்துக்கும். ஏழாம் குன்றுல அவர் உட்கார்ந்து எதைக் கேட்பாரு? ஒலிமானி ஒண்ணும் காட்டலைன்னா பாறை போச்சு. பாறை போனா நீங்க என்ன செய்வீங்க? கோபுரத்துல ஏறி நின்னு செல்பேசிக்குச் சிக்னல் குடுப்பீங்களா?"

"வந்த விருந்தாளியை அடிக்கல்லுல உட்கார வைக்கச் சொல்றியா?"

"அவர் அதைத்தானே கேட்பாரு."

"கேட்கட்டும். அவருக்குத் தன் மானம் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியும்."

மறுநாள் விடியலில் உளையரசி கணவரைப் பாறைமேல் ஏற்றிவிட்டு, தான் மட்டும் ஏழு குன்றும் கடந்து போனாள். இவர் உச்சி முழக்கத்தை மூச்சு முட்ட முழங்கினார். பிறகு இளைப்பாறுவதற்காக, பிள்ளைகள் பழகும் அடித்தொண்டை முழக்கத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். அது காதுக்கு இரண்டாம் குன்றைத் தாண்டாத முழக்கம். மதிப்புள்ள பாடகர் எவரும் அதைச் சபையில் பாடுவதில்லை.

நண்பகலில் உளையரசி திரும்பி வந்தாள். வாலைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்து எதையோ உதறினாள்.

"எட்டுச்சா?" என்று ஆவலோடு கேட்டார்.

"உச்சி முழக்கம் எட்டல. அடித்தொண்டை எட்டுது."

"அதெப்படி? அது மூணாம் குன்றுக்கே கேட்காதே."

"கேட்குதுன்னு நான் சொல்லல. எட்டுதுன்னு சொன்னேன். அந்தப் பக்கம் பூராவும் புற்று. பௌர்ணமியன்னைக்கு அடித்தொண்டையை மட்டும் பாடுங்க. ஒரு தடவைகூட உச்சிக்குப் போகாதீங்க."

"என் உச்சி முழக்கம்தானே என் பேரே?"

"பேர் வேணுமா, பாறை வேணுமா?"

பிடரிமுத்து இரவெல்லாம் யோசித்து, விடியும்போது பாறை வேண்டும் என்றார்.

பௌர்ணமியன்று காலை அதிகாரி வந்து சேர்ந்தார். அவர் பெயர் அழுங்கர். உடலெங்கும் ஓடு வேய்ந்தது போன்ற செதிலும், முழ நீள நாக்கும் உடைய எறும்புதின்னிக் குலத்தைச் சேர்ந்தவர். வாரியத்தின் அதிகாரிகள் எல்லோரும் அவருடைய உறவினர்களே என்பது காடறிந்த செய்தி. குறை காண்பதில் வல்லவர். ஆயினும் மனம் கொஞ்சம் கலங்கினால் உருண்டையாகச் சுருண்டுகொள்வார். சுருண்டுவிட்டால் அவரிடம் கையெழுத்து வாங்க எவராலும் இயலாது.

"முன்வரிசை எது?" என்றார் அழுங்கர், கழுத்தில் தொங்கிய, ஓசையை அளந்து பதிவும் செய்யும் ஒலிமானியைச் சரிசெய்தபடி.

"ஐயாவுக்கு அங்கே இடம் போட்டிருக்கு," என்று பிடரிமுத்து பணிவோடு கிழக்கே காட்டினார்.

அழுங்கர் பார்த்தார். ஏழாம் குன்று நீல நிறமாக, வானத்தில் பாதி கரைந்தாற்போல் தெரிந்தது.

"நான் தலைமை விருந்தினர்."

"அதனாலதான், ஐயா."

"இது என்னை வெளியேற்றும் முயற்சியா?"

"ஐயா அப்படி நினைக்கக் கூடாது. எங்க அப்பாவையே நாலாம் குன்றுலதான் உட்கார வெச்சேன்."

உளையரசியின் தம்பியர் நகமணியும் வாலப்பனும் அதிகாரியைத் தூக்கிச் செல்லப் பல்லக்கோடு முன்னே வந்தனர். பெரும் பற்களும் பிடரியும் கொண்ட இருவர் தம்மை நோக்கி ஒரே நேரத்தில் குனிவதைக் கண்ட அழுங்கர், அடுத்த நொடியே உருண்டையாகச் சுருண்டுகொண்டார். பல்லக்கில் வைத்தபோது உருண்டை உருண்டு கீழே விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது.

"அத்தான், இவரை உருட்டிக்கிட்டே போயிடலாமா?" என்று வாலப்பன் மெல்லக் கேட்டான்.

"மரியாதையா உருட்டுங்க," என்றார் பிடரிமுத்து.

அவ்வாறே அவர்கள் அதிகாரியை மிகுந்த மரியாதையோடு ஏழு குன்றுக்கும் உருட்டிச் சென்றனர்.

அவர்கள் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஏழாம் குன்றிலிருந்து புகை எழுந்தது. பிடரிமுத்து பாறைமீது ஏறி நின்றார். இந்தப் பாறையில் நிற்பது இதுவே கடைசி முறையாகவும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முழங்கத் தொடங்கினார். நான்காம் குன்றில் அமர்ந்திருந்த பெரியோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு நாழிகை கழிந்தது. உச்சிக்குப் போக வேண்டும் என்று அவருடைய தொண்டை துடித்தது. பாறைக்குக் கீழே நின்ற உளையரசி தலையை அசைத்தாள். அவர் விழுங்கிக்கொண்டு, மண் அதிர மண் அதிர, மூச்சு தீரும்வரை அடியிலேயே உருட்டினார்.

வெயில் சாயும் நேரத்தில் மைத்துனர் இருவரும் திரும்பி ஓடி வந்தார்கள். அதிகாரியைக் காணவில்லை.

"என்னடா ஆச்சு?" என்று உளையரசி கேட்டாள்.

"அக்கா, முதல்ல அவர் உருண்டையாவே கிடந்தாரு," என்றான் நகமணி. "அத்தான் பாட ஆரம்பிச்சதும் எங்களுக்கு ஒண்ணும் கேட்கல. ஆனா கால் கீழே மண்ணு மட்டும் குறுகுறுன்னுச்சு. பார்த்தா, குன்று பூராவும் புற்றுலேருந்து கறையான் கிளம்புது. நூறு புற்று. ஆறு மாதிரி வருது."

"அவர் மூக்கை மட்டும் நீட்டினாரு," என்றான் வாலப்பன். "அப்புறம் நாக்கை நீட்டினாரு. அப்புறம் எங்களை மறந்துட்டாரு. நகத்தால புற்றைக் கிளறிக் கிளறி, சர்ரு புர்ருன்னு ஒரே சத்தம். கழுத்துல தொங்குன ஒலிமானிக்குள்ளேயே அந்தச் சத்தம் போய், முள்ளு தொண்ணூத்திரண்டுல நின்னுடுச்சு."

பிடரிமுத்துவின் கண்கள் கலங்கின. "கறையான்கூட என் பாட்டைக் கேட்க வெளியே வந்துச்சா?"

"வந்துச்சு, அத்தான்."

"எவ்வளவு ரசனை. அதுங்க பாட்டை முழுசாக் கேட்டுச்சா?"

வாலப்பன் தன் அக்காவைப் பார்த்தான். "கேட்கறதுக்குள்ள அவர் தின்னுட்டாரு, அத்தான்."

"என் ரசிகர்களையா?"

"எல்லாரையும்."

பிடரிமுத்து பாறைமீது உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஏழாம் குன்றுவரை எட்டிய இசை. அதைக் கேட்க வந்தவர்களின் கதி இதுவா என்று அவர் மனம் தவித்தது. அந்தத் தவிப்பினூடே, தம் இசையைக் கேட்க வந்தவர்கள் அவ்வளவு பேர் என்ற பெருமிதமும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கியது.

அழுங்கர் மறுநாள் காலையில்தான் இறங்கி வந்தார். நடக்க இயலாமல், இம்முறை தாமாகவே விரும்பி உருண்டு வந்தார். வயிறு புடைத்திருந்ததால் உருண்டை சரியாக மூடவில்லை.

"எட்டுச்சுங்களா, ஐயா?" என்று பிடரிமுத்து தழுதழுத்த குரலில் கேட்டார்.

"எட்டியது," என்று கண் சொருகச் சொன்னார் அழுங்கர். "உள்ளே வரைக்கும் எட்டியது."

அவர் அங்கேயே சான்றிதழை எழுதி நீட்டினார். அதில் கண்டிருந்தது: "கலை: நெடுமுழக்கம். ஒலியளவு: தொண்ணூற்றிரண்டு. பார்வையாளர் எண்ணிக்கை: பல்லாயிரம், எவரும் நிகழ்ச்சி முடியும்வரை கலைந்து செல்லவில்லை. குறை: ஏதும் காணப்படவில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் மறுஆய்வு செய்தல் அவசியம். மறுஆய்வின்போதும் இதே பாடலே பாடப்பட வேண்டும்."

கோபுரம் மயிலாடும் மேட்டுக்கு மாற்றப்பட்டது. ஒலிமானியில் பதிவானதை வாரியம் ஆவணக் காப்பகத்தில் வைத்தது. கோளரியர் இசையின் தொன்மையை ஆராய்பவர்கள் இன்றும் அங்கே சென்று, அந்தச் சர்ரு புர்ரு ஓசையைக் காதில் வைத்துக் கேட்டு, அதில் ஒளிந்திருக்கும் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றனர்.

அதுமுதல் ஒவ்வொரு பௌர்ணமியும் வாரியத்தின் அதிகாரிகள் குடும்பத்தோடு ஏழாம் குன்றுக்கு வருகிறார்கள். பிடரிமுத்துவும் அடித்தொண்டையிலேயே முழங்குகிறார். நான்காம் குன்றில் அமர்ந்திருக்கும் சம்பந்திகள் ஒன்றும் கேட்காமல் கொட்டாவி விட்டுவிட்டு, மரியாதை குறையாமல் வீடு திரும்புகிறார்கள்.

உண்மையாகவே பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட சிலரும் அக்குலத்தில் இருந்தனர். அந்த முழக்கம் காதில் விழும் இடங்களுள் அவர்கள் மிகவும் விரும்பியது அடிக்கல். அங்கே அமர்வதற்கோ குற்றம் செய்திருக்க வேண்டும். சில மாதங்களில் கோளரியரிடையே மான்தொடைத் திருட்டு மிகுந்துவிட்டது. திருடாதவர்களும் திருடியதாக ஒப்புக்கொள்ள வந்தார்கள்.

ஒரு பௌர்ணமியன்று பிடரிமுத்து பாறையின்மீதிருந்து குனிந்து பார்த்தார். அடிக்கல்லில் ஒன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உளையரசி.

"நீ என்னடி திருடினே?" என்றார் திகைத்துப்போய்.

"நகமணி வீட்டுத் தொடையை. பேசாம பாடுங்க," என்றாள் அவள், காதை நிமிர்த்திக்கொண்டு.

நீதி: கலை பிழைக்க வேண்டுமானால், அதிகாரியைக் காதுக்கு எட்டாத இடத்தில், வாய்க்கு எட்டும்படி அமர்த்துக. பாட்டுக் கேட்க விரும்புவோர் ஏதேனும் திருடிக்கொள்க.